எண்ணுக்கு எண் கொடுத்தால் கடன் தீர்ந்ததா? ஜெர்மனியின் 1923ஆம் ஆண்டு



ஒரு பெண்மணி அடுப்பின் முன் குனிந்து, விறகுக்குப் பதிலாக நோட்டுக்கட்டுகளைத் தீயிலிடும் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று உண்டு. 1923ஆம் ஆண்டு ஜெர்மனியில் எடுக்கப்பட்டது. விலைவாசி ஏறும்போதெல்லாம் அந்தப் படம் நம் குடும்பக் குழுக்களில் மீண்டும் ஒரு சுற்று வருகிறது. படத்தின் அடியில், வட்டியின் மீது இறங்கிய சாபத்தைப் பாரீர் என்று ஒருவர் எழுதுகிறார். காகிதப் பணமே மோசடி, தங்கம் ஒன்றே பணம் என்று மற்றொருவர் அறிவிக்கிறார். இதனால்தான் ஹிட்லர் வந்தான் என்று மூன்றாமவர் ஒரே வரியில் வரலாற்றை முடித்துவைக்கிறார்.

மூவரும் வெவ்வேறு சொன்னாலும் அடியில் ஒரு கருத்தில் ஒன்றுபடுகிறார்கள். வானத்திலிருந்து ஒரு பேரிடர் இறங்கியது, பணக்காரன் ஏழை என்ற வேறுபாடின்றி எல்லாரும் நனைந்தார்கள் என்பதே அது. இதை நாம் மறுக்கிறோம். அந்த ஆண்டு ஜெர்மனியில் செல்வம் அழியவில்லை. நிலம் இருந்த இடத்தில் இருந்தது. சுரங்கமும் ஆலையும் வீடும் நின்றன. அவற்றின் மீது யாருக்கு என்ன உரிமை என்பது மட்டுமே மாறியது. சிலருடைய பையிலிருந்து வேறு சிலருடைய பைக்குச் செல்வம் இடம்பெயர்ந்தது. பெயரும் வரை சட்டம் வாசலில் காவல் நின்றது. பேரிடர் என்ற சொல் இந்த வாங்கலையும் கொடுத்தலையும் மறைத்துவிடுகிறது; அதனால்தான் அச்சொல்லோடு நமக்குச் சண்டை.

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். உலகப்போர் தொடங்குவதற்கு முன், 1914 ஜூலையில், ஒரு டாலருக்கு 4.2 மார்க். 1923 ஜனவரியில் சராசரியாக ஏறத்தாழ 18,000 மார்க். ஜூலையில் 3,53,000. ஆகஸ்டில் 46 லட்சம். செப்டம்பரில் ஏறத்தாழ 10 கோடி. அக்டோபரில் 2,500 கோடி. நவம்பர் 20ஆம் நாள் ஒரு டாலருக்கு 4,20,000 கோடி மார்க். ஊதியத்தை நாள்தோறும் கொடுக்க வேண்டியதாயிற்று. வாங்கிய கையோடு கடைக்கு ஓட வேண்டும். மாலைக்குள் விலை மாறிவிடும். நோட்டின் மறுபக்கத்தை அச்சிடக்கூட நேரமின்றி ஒருபக்க நோட்டுகள் வெளிவந்தன. 1922 டிசம்பர் தேதியிட்ட ஆயிரம் மார்க் நோட்டின் குறுக்கே சிவப்பு மையில் நூறு கோடி என்று முத்திரை குத்தி, அதே தாளை மீண்டும் புழக்கத்தில் விட்டார்கள். அந்த நோட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எண் என்பது எவ்வளவு பெறும் என்ற வாதத்திற்கு அதைவிடச் சிறந்த சாட்சி நமக்குக் கிடைக்காது.

யார் செய்தது என்று கேட்டால், அன்றைய ஜெர்மன் ஆட்சியாளர்களிடம் ஆயத்தமாக ஒரு விடை இருந்தது: வெர்சாய் உடன்படிக்கை. நேச நாடுகள் 1921 மே மாதம் 13,200 கோடி தங்க மார்க் இழப்பீடு கேட்டன. அதனால் நாணயம் வீழ்ந்தது என்றார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. இழப்பீட்டின் சுமை கற்பனையன்று. நிலக்கரியும் மரமும் குறித்த அளவில் வந்து சேரவில்லை என்று காரணம் காட்டி 1923 ஜனவரி 11ஆம் நாள் பிரான்சு, பெல்ஜியப் படைகள் ரூர் பகுதிக்குள் புகுந்ததும் அநீதியே. மார்ச் 31ஆம் நாள் எஸ்ஸன் நகரில் க்ரூப் ஆலையில் பிரெஞ்சுப் படையினர் சுட்டதில் 13 தொழிலாளர்கள் மாண்டார்கள். அந்த இரத்தத்தை நாம் சிறிதாக்கவில்லை.

ஆனால் இழப்பீட்டைத் தங்கமாகவும் அந்நியச் செலாவணியாகவும் பொருளாகவும்தான் கொடுக்க முடியும். அச்சடித்த காகித மார்க்கைப் பிரான்சு வாங்கிக்கொள்ளாது. பின் அந்த அச்சு யாருக்காக ஓடியது? இந்தக் கேள்வியைக் கேட்டால் கதை 1914க்குப் போகிறது. அந்த ஆகஸ்ட் 4ஆம் நாளே, நோட்டுக்குத் தங்கம் தர வேண்டும் என்ற கடமையை அரசு நிறுத்திவைத்தது. போருக்கான செலவை வரி போட்டு ஈட்டாமல் கடனாக வாங்கியது. ஒன்பது முறை போர்க்கடன் பத்திரம் விற்று, சொந்தக் குடிமக்களிடமிருந்து ஏறத்தாழ 9,800 கோடி மார்க் திரட்டியது. வென்றபின் தோற்றவனிடம் வசூலித்து அடைப்போம் என்பது கணக்கு. தோற்றது தான் என்று ஆனபோது, அந்தக் கடனை அடைக்க அரசுக்கு இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, செல்வந்தர்மீது வரி. அதை முயன்ற நிதியமைச்சர் மத்தியாஸ் எர்ட்ஸ்பெர்கர் 1921 ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். வெர்சாய்க்குப் பணிந்தவர், போர் நிறுத்தத்தில் கையெழுத்திட்டவர் என்ற வெறுப்பும் அக்கொலையில் கலந்திருந்தது. மற்றொரு வழி அச்சு இயந்திரம்.

தங்கமே தீர்வு என்போர் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். 1914 வரை ஜெர்மனியில் தங்க நாணய முறைதான் இருந்தது. அரசு விரும்பாத நாளில் அது ஒரே சட்டத்தால் நின்றுபோனது. தங்கம் எவரையும் காக்கவில்லை.

மத்திய வங்கியான ரைஷ்ஸ்பாங்கின் தலைவர் ருடோல்ஃப் ஹவென்ஸ்டைன் சட்டம் படித்தவர், நேர்மையானவர் என்று பெயரெடுத்தவர், 1908 முதல் அப்பதவியில் இருந்தவர். பணத்தின் அளவு பெருகுவதால் விலை ஏறுகிறது என்பதை அவர் ஏற்கவே இல்லை. விலை ஏறுவதால் பணம் போதவில்லை, ஆகவே அச்சிடுகிறோம் என்றார். ஊழல் செய்யாத மனிதர் ஒருவரால் எவ்வளவு பெரிய அநியாயம் நிகழ முடியும் என்பதற்கு அவர் சான்று. நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் அச்சகங்களும் முப்பதுக்கும் மேற்பட்ட காகித ஆலைகளும் அவருக்காக இரவுபகலாக உழைத்தன. ஆகஸ்ட் மாதம் அதிகாரிகள் கூடிய அவையில், நாளொன்றுக்கு இத்தனை அச்சிடுகிறோம், இனி இன்னும் விரைவாக அச்சிடுவோம் என்பதை அவர் ஒரு நிர்வாக வெற்றியைப் போல எடுத்துரைத்தார்.

சரி, அச்சிட்ட பணம் யாரிடம் முதலில் சென்றது? ரூரில் ஆட்சி செய்த படைகளோடு ஒத்துழைக்க மறுத்து வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களுக்கும், ஆலை முடங்கிய முதலாளிகளுக்கும் அரசு பணம் கொடுத்தது. இதைத் தேசப்பற்று என்றே பெரும்பாலான கட்சிகள் கொண்டாடின. ஆனால் அச்சின் மற்றொரு குழாய் பற்றி அவ்வளவாகப் பேசப்படவில்லை. ரைஷ்ஸ்பாங்க் தொழிலதிபர்களின் உண்டியல்களைக் கழிவிட்டுக் கடன் கொடுத்துவந்தது. அதற்கான வட்டி விகிதம் 1922 தொடக்கத்தில் ஆண்டுக்கு 5 விழுக்காடு, 1923 ஏப்ரலில் 18, ஆகஸ்டில் 30, செப்டம்பரில் 90. ஒரே மாதத்தில் நாணயத்தின் மதிப்பு பத்தில் ஒன்றாகும் நாட்டில், ஆண்டுக்கு 30 விழுக்காடு வட்டி என்பது வட்டியா, பரிசா? இன்று ஒரு ஆலையின் விலையைக் கடனாகப் பெற்று, மூன்று மாதம் கழித்து ஒரு ரொட்டியின் விலையைத் திருப்பிக் கொடுப்பது அது. ஆனால் அந்தக் கடன் தெருவில் போகிறவனுக்குக் கிடைக்காது.

ஹூகோ ஸ்டின்னெஸ் என்ற நிலக்கரி, இரும்புத் தொழிலதிபர் இந்த வழியைக் கற்றுத் தேர்ந்தார். கடன் வாங்கி ஆலைகளையும் கப்பல்களையும் செய்தித்தாள்களையும் விடுதிகளையும் வாங்கிக் குவித்தார். கடனை மதிப்பிழந்த தாளில் அடைத்தார். பணவீக்கத்தின் மன்னர் என்றே அவரை அழைத்தார்கள். 1923 மார்ச்சில் அமெரிக்காவின் டைம் இதழ் தன் அட்டையில் அவர் படத்தைப் போட்டது. அவர் சட்டத்தை மீறினார் என்று எவரும் நிறுவவில்லை. மீறவேண்டிய தேவையே அவருக்கு இல்லை.

வரியையும் பாருங்கள். 1920 முதல் தொழிலாளியின் ஊதியத்திலிருந்து வரியை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் முறை வந்திருந்தது. அவன் வரி அன்றைய மதிப்பில் போனது. முதலாளியின் வரியோ ஆண்டு முடிந்து, கணக்குப் பார்த்து, மதிப்பிட்டு, அறிவிப்பு அனுப்பி, மாதங்கள் கழித்துச் செலுத்தப்படுவது. அதற்குள் அது ஒன்றுமில்லாததாகிவிடும். ஒரே சட்டம், ஒரே விகிதப் பட்டியல். ஒருவன் மெய்யாகவே வரி கொடுத்தான், மற்றவன் கொடுத்ததாக ரசீது பெற்றான்.

இனி, வட்டியின் சாபம் என்று நம் மேடைகளிலும் சிலர் பேசுவதற்கு வருவோம். ரிபா ஹராம் என்பதில் நமக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை. ஆண்டுதோறும் அதைப் பாடமாக நடத்துகிறோம். ஆனால் ஹராமுக்கு எதிராகப் பேசுவதாலேயே பொய்ச் சான்று மெய்ச் சான்றாகிவிடாது. 1923இல் மூழ்கியவர்கள் யார்? போர்க்கடன் பத்திரத்தில் சேமிப்பைப் போட்ட பள்ளி ஆசிரியர், ஓய்வுபெற்ற எழுத்தர், கணவனை இழந்த பெண், காப்புறுதி ஒன்றையே நம்பியிருந்த கைவினைஞர். அவர்கள் வட்டி பெற்றார்கள், உண்மைதான். ஆனால் அவர்களிடமிருந்து பறிபோனது வட்டியன்று, முதல். வட்டியைக் கைவிட்டவருக்கு அவருடைய முதல் உரியது, அவரும் அநியாயம் செய்யலாகாது, அவருக்கும் அநியாயம் செய்யப்படலாகாது என்ற நெறியை நமக்குக் கற்பிப்பது வட்டியைத் தடைசெய்யும் அதே அல்-பகரா அத்தியாயம். அந்த நெறியில் நின்று பார்த்தால் 1923இல் வென்றவர்களே வட்டி உலகின் பெரும்புள்ளிகள். வங்கிக் கடனில் கோட்டை கட்டியவர்கள். சாபம் அவர்கள் வாசலைத் தட்டவில்லையே!

அதனினும் கொடியது ஒன்று உண்டு. ஜெர்மன் உரிமையியல் சட்டப்படி, பெற்றோரை இழந்த சிறுவரின் சொத்துக்குக் காப்பாளராக இருப்பவர் அப்பணத்தைப் பாதுகாப்பானவை என்று சட்டம் குறித்த இடங்களில்தான் முதலிட வேண்டும்: அரசுப் பத்திரங்கள், நில அடமானக் கடன்கள் முதலியன. பங்கு வாங்கவோ வணிகத்தில் போடவோ அவருக்கு இயல்பாக உரிமை இல்லை. ஆகவே சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மதித்த காப்பாளரிடம் இருந்த யதீம்களின் பணம்தான் முழுமையாக அழிந்தது. மருத்துவமனைகளும் அறநிறுவனங்களும் அப்படியே. போர்க்கடனாகக் குடிமக்கள் கொடுத்த 9,800 கோடி மார்க், 1923 நவம்பர் நடுவில் புதிய நாணயத்தில் 10 பென்னிக்கும் குறைவு. நான்கு ஆண்டுப் போருக்காக ஒரு தேசத்திடம் வாங்கிய கடன் பத்துக் காசில் தீர்ந்தது. அரசு தன் கடனை ஒரு நாளும் மறுக்கவில்லை. எண்ணுக்கு எண் கொடுக்க எப்போதும் ஆயத்தமாகவே இருந்தது!

மார்க் என்றால் மார்க். இதுவே அந்த ஆண்டு முழுவதும் அரசும் நீதிமன்றங்களும் பிடித்துநின்ற கொள்கை. 1913இல் தங்கத்துக்கு நிகரான பத்தாயிரம் மார்க்கைக் கடனாகக் கொடுத்தவருக்கு, 1923இல் பத்தாயிரம் என்று அச்சிட்ட தாளை நீட்டினால் கடன் தீர்ந்தது. வாங்க மறுக்க அவருக்கு உரிமை இல்லை. உழவரும் வீட்டு உரிமையாளரும் தலைமுறைக் கடன்களை இப்படி ஓர் அஞ்சல்தலையின் விலையில் கழற்றிவிட்டார்கள். எல்லாரும் தீயவர்கள் என்று நாம் சொல்லவரவில்லை. வாடகைக் கட்டுப்பாட்டால் குடியிருந்த ஏழைகளும் ஓரளவு பிழைத்தார்கள். ஆனால் கதவைத் திறந்துவைத்துவிட்டு, உள்ளே போகிறவர்கள் தங்கள் விருப்பப்படி போகிறார்கள் என்று சொல்லும் காவலனை நாம் என்ன சொல்வது?

மக்களின் சினம் எங்கே திரும்பியது என்பது இந்த ஆண்டின் மிகவும் வருந்தத்தக்க பகுதி. நவம்பர் 5ஆம் நாள் பெர்லினில் ஒரு ரொட்டியின் விலை 14,000 கோடி மார்க்காக ஏறியது. உதவித்தொகைக்காக வேலையற்றோர் அலுவலகத்தின் முன் ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தனர். பணம் தீர்ந்துவிட்டது என்று கைவிரித்தார்கள். அந்தக் கூட்டத்தினுள் ஒரு வதந்தி விடப்பட்டது: அருகிலுள்ள ஷொயினன் பகுதியில் வாழும் கீழை ஐரோப்பிய யூதர்கள் பணத்தையெல்லாம் வாங்கிப் பதுக்கிவிட்டார்கள் என்று. கூட்டம் அங்கே பாய்ந்தது. கடைகள் சூறையாடப்பட்டன, தெருவில் அகப்பட்டவர்கள் அடிக்கப்பட்டு உடை களையப்பட்டனர். அச்சிட்டவர் ஹவென்ஸ்டைன், ஆலைகளை வாங்கியவர் ஸ்டின்னெஸ். அடி வாங்கியவர் போலந்திலிருந்தும் கலீசியாவிலிருந்தும் ஓடிவந்து பழைய துணி விற்றுப் பிழைத்த ஒருவர். சிறுபான்மையாக வாழும் ஒரு சமூகத்துக்கு இந்த நாளை எவரும் விளக்கத் தேவையில்லை. ஆயினும் நம்மவர் சிலர் இன்றும் இந்தப் பணவீக்கத்தை யூதர்களின் சதி என்று எழுதுகிறார்கள். அது எங்கே பிறந்த வதந்தி என்று அறிந்துகொண்டாவது எழுதட்டும். ஒரு சமூகத்தார்மீது கொண்ட கசப்பு நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யலாகாது என்பது நமக்கு இடப்பட்ட கட்டளை. பாலஸ்தீனத்தில் நடக்கும் கொடுமையைக் கண்டிக்க 1923இன் பொய் நமக்குத் தேவையில்லை.

மூன்று நாள் கழித்து, நவம்பர் 8, 9 தேதிகளில், மியூனிக் நகரத்து மதுக்கூடம் ஒன்றிலிருந்து ஹிட்லர் கிளர்ச்சி செய்து பார்த்தான். அவன் ஆட்களில் பதினாறு பேரும் காவலர் நால்வரும் மாண்டனர். கிளர்ச்சி ஒரே இரவில் அடங்கியது. நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறை விதித்தது. 1924 டிசம்பரிலேயே விட்டுவிட்டது. நீதிபதிகளின் இந்தத் தயவைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே நமக்கு வேண்டியது ஒன்றே: பசி உச்சத்தில் இருந்த அந்த வாரத்தில் ஹிட்லர் தோற்றான்.

ஆகஸ்டில் பிரதமரான குஸ்டாவ் ஸ்ட்ரேஸ்மான், செப்டம்பர் 26ஆம் நாள் ரூர் எதிர்ப்பைக் கைவிட்டார். வேறு எவரும் துணியாத காரியம். துரோகி என்ற வசவு அதற்குக் கூலி. நவம்பர் 15ஆம் நாள் ரென்டென்மார்க் என்ற புதிய நாணயம் வந்தது. ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு புதிய மார்க். அதன் பின்னால் தங்கம் இல்லை. நாட்டின் வேளாண் நிலத்தின் மீதும் தொழில்களின் மீதும் ஓர் அடமானம் எழுதிவைக்கப்பட்டிருந்தது. அதைக் கொண்டு எவரும் ஒரு சாண் நிலத்தைக் கேட்டுப் பெற முடியாது. ஆயினும் அது நின்றது. ஏன் நின்றது? அன்றுதான் அரசின் உண்டியலை வாங்கிக்கொண்டு நோட்டு அச்சிடுவதை ரைஷ்ஸ்பாங்க் நிறுத்தியது. நிறுத்த முடியும் என்றால், முன்னரே நிறுத்தியிருக்கவும் முடியும் என்பதுதானே பொருள்? ஐந்து நாள் கழித்து, நவம்பர் 20ஆம் நாள் ஹவென்ஸ்டைன் இறந்தார். அவர் இடத்துக்கு, நாணய ஆணையராயிருந்த ஹ்யால்மார் ஷாக்ட் வந்தார்.

சீரமைப்பின் விலையும் சமமாகப் பங்கிடப்படவில்லை. அரசுப் பணியாளரில் நான்கில் ஒரு பங்கைக் குறைக்கும் ஆணை அக்டோபரிலேயே பிறந்திருந்தது. திருமணமான பெண்களை வெளியேற்ற அதில் தனி விதியே இருந்தது. புரட்சியில் பெற்ற எட்டு மணிநேர வேலை நாளும் டிசம்பரில் தளர்த்தப்பட்டது.

இவ்வளவு இருளிலும் நம் நெஞ்சைக் கவர்ந்தது லைப்சிக் நகரில் எழுதப்பட்ட ஒரு தீர்ப்பு. 1923 நவம்பர் 28ஆம் நாள் நாட்டின் உச்ச உரிமையியல் நீதிமன்றம், போருக்கு முன் எழுதப்பட்ட ஓர் அடமானக் கடன் வழக்கில், மார்க் என்றால் மார்க் என்ற கொள்கையைக் கைவிட்டது. கடன் பட்டவர் நாணயத்தோடும் நல்லெண்ணத்தோடும் தம் கடமையை நிறைவேற்ற வேண்டும் என்று உரிமையியல் சட்டத்தின் 242ஆம் பிரிவு சொல்கிறது. மதிப்பிழந்த தாளை நீட்டிவிட்டு அடமானத்தை விடுவி என்று கேட்பது அந்த நாணயத்தோடு பொருந்தாது என்றனர் நீதிபதிகள். நாணயம் என்ற ஒரே சொல்லைக் காசுக்கும் நேர்மைக்கும் வழங்குகிறவர்கள் நாம்; அத்தீர்ப்பின் சாரம் நமக்குப் புரியாமல் போகாது. ஆனால் அதற்குள் கோடிக்கணக்கான கடன்கள் எண்ணுக்கு எண் தீர்க்கப்பட்டு, பதிவேட்டில் அடிக்கப்பட்டுவிட்டன.

ஃபிக்ஹ் நூல்களைத் திறந்தவர்களுக்கு இந்த வழக்கு புதியதன்று. கடனாகக் கொடுத்த செப்புக் காசுகளின் மதிப்பு இறங்கினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும்? அதே எண்ணிக்கை என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). கொடுத்த நாளின் மதிப்பு என்ற முடிவுக்கு வந்தார் அவர்தம் மாணவர் இமாம் அபூயூசுஃப் (ரஹ்). பத்தொன்பதாம் நூற்றாண்டில் டமாஸ்கஸின் இப்னு ஆபிதீன் (ரஹ்) இதற்கென்றே தனி நூல் எழுதி, அபூயூசுஃபின் கருத்தின் மீதே ஃபத்வா என்றார். ஷாஃபி மத்ஹபில் பொதுவாக வாங்கியதைப் போன்றதையே தர வேண்டும் என்பது நிலை. மாலிக்கி அறிஞர் அர்ரஹூனீ (ரஹ்), மதிப்பு மிகக் கடுமையாக வீழ்ந்துவிட்டால் எண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை என்று பிரித்துக் காட்டினார். நம் காலத்தில் 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாதமி, கடனை எண்ணுக்கு எண்ணே தீர்க்க வேண்டும், விலைவாசியோடு இணைக்கலாகாது என முடிவு செய்தது. ரிபாவின் கதவு திறந்துவிடக் கூடாது என்ற அந்த அச்சம் நியாயமானது. அதை நாம் மதிக்கிறோம்.

நாம் எதிர்ப்பது அந்த முடிவையன்று, அதன் நிழலில் ஒதுங்கிக்கொள்வோரை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதி இன்றுவரை கையில் கொடுக்காத மஹர் தொகையை, அன்று அதில் வாங்கக்கூடிய நகை எவ்வளவு, இன்று எவ்வளவு என்று எண்ணிப் பாராமல், இந்தா உன் ஹக்கு என்று மனைவியின் முன் வைப்பவர். அக்காவின் பங்கைப் பத்து ஆண்டு தம் கடையில் சுழற்றிவிட்டு, வாங்கியது இவ்வளவுதானே என்று எண்ணிக் கொடுக்கும் தம்பி. இவர்கள் மார்க்கச் சட்டத்தைச் சான்று காட்டும்போது நமக்கு ஸ்டின்னெஸ் நினைவுக்கு வருகிறார். தவணை கடத்தியவர் அவர், மதிப்பு இறங்கியதால் ஆதாயம் அடைந்தவர் அவர். ஆயினும் தக்வா பேசுகிறவரும் அவரே! முன்நிபந்தனை இன்றி, திருப்பித் தரும் நாளில் தாமாகக் கூட்டிச் சிறப்பாகத் தருவது நபிவழி என்பதை அதே ஆலிமிடம் இவர்கள் கேட்பதில்லை. கையில் இருந்தும் கடனைக் கடத்துவது அநியாயம் என்பதையும் கேட்பதில்லை. கேட்டது ஒரே கேள்வி, பெற்றது ஒரே விடை, எழுந்து போய்விட்டார்கள்.

ஜெர்மன் அரசும் அப்படித்தான் எழுந்து போகப் பார்த்தது. லைப்சிக் தீர்ப்பு வந்ததும் அமைச்சரவை, கடன்களுக்கு மறுமதிப்பே கூடாது என்று சட்டம் இயற்ற எண்ணியது. 1924 ஜனவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சங்கம், அப்படிப்பட்ட சட்டத்தை நல்லெண்ணத்துக்கு முரணானது என்று நீதிமன்றங்கள் ஒதுக்க நேரலாம் என வெளிப்படையாக எச்சரித்தது. அரசு பாதி இறங்கிவந்தது. பிப்ரவரி மாத ஆணை அடமானக் கடன்களுக்குத் தங்க மதிப்பில் 15 விழுக்காடு தந்தது. தான் பட்ட கடன்களுக்கு எதுவும் தரவில்லை.

சேமித்தவர்கள் அணி திரண்டார்கள். டார்ம்ஸ்டாட் நகரத்து மூத்த நீதிபதி கெயோர்க் பெஸ்ட் அவர்களின் குரலானார். 1924 தேர்தல்களில் ஜெர்மன் தேசிய மக்கள் கட்சி அவரைத் தன் வேட்பாளராக நிறுத்தியது. முழு மறுமதிப்புக்குப் போராடுவோம் என்று வாக்குக் கேட்டு, பெற்று, ஆட்சியிலும் பங்கு கொண்டது. 1925 ஜூலையில் அதே கட்சி கை உயர்த்தி நிறைவேற்றிய சட்டம் அடமானக் கடனுக்குத் தந்தது 25 விழுக்காடு. போர்க்கடன் பத்திரங்களுக்கு நூற்றுக்கு இரண்டரை. பத்திரத்தைத் தொடக்கம் முதல் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கி அதைவிடக் கூடுதல். ஹிண்டன்புர்க் இதில் கையெழுத்திட மாட்டார், போர்க்கடனுக்குப் பணம் கொடுங்கள் என்று அன்று நம்மிடம் கேட்ட தளபதியல்லவா அவர் என்று முதியவர்கள் அவருக்கு மனு மேல் மனு அனுப்பினார்கள். அவர் கையெழுத்திட்டார். பெஸ்ட் கட்சியை விட்டு வெளியேறினார்.

ஆகவே பணவீக்கம் ஹிட்லரைக் கொணர்ந்தது என்ற ஒற்றை வரியையும் நாம் ஏற்பதற்கில்லை. 1928 தேர்தலில், அடுப்பில் நோட்டெரிந்த காலத்துக்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, நாஜிக் கட்சி பெற்றது 2.6 விழுக்காடு வாக்கு, 12 இடங்கள். ஏமாற்றப்பட்ட சேமிப்பாளர்கள் அப்போதும் அவனிடம் போகவில்லை. தங்களுக்கென மறுமதிப்புக் கட்சி ஒன்றைத் தொடங்கி, மனுக்களோடும் சட்டப் பிரிவுகளோடும் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்சிக்கு அத்தேர்தலில் கிடைத்தவை இரண்டே இடங்கள். பழைய நடுநிலைக் கட்சிகள் ஒவ்வொன்றாகக் கரைந்துகொண்டிருந்தன. 1930 செப்டம்பரில் நாஜிகளின் 12 இடங்கள் 107 ஆயின. அதற்குள் உலகப் பொருளாதாரச் சரிவு வந்துவிட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நீதிமன்றம், நாடாளுமன்றம், குடியரசுத் தலைவர் என எல்லா வாசல்களையும் முறைப்படி தட்டிப் பார்த்துத் திரும்பிய ஒரு நடுத்தர வர்க்கத்தின் மீதுதான் அந்தச் சரிவு விழுந்தது.

1925இன் சட்டம் ஒப்புக்கொண்ட கால் பங்கு முதலும் உடனே கைக்கு வரவில்லை. கடன் பட்டவருக்கு மூச்சுவிட அவகாசம் வேண்டும் என்று கூறி, அதைத் திருப்பிக் கேட்கும் நாளை 1932 ஜனவரிக்குத் தள்ளிவைத்திருந்தது சட்டம். 1914க்கு முன் கடன் கொடுத்தவர்களில் பலர் அதற்குள் அடக்கமாகிவிட்டார்கள். எஞ்சியவர்கள் அந்த ஜனவரியை எட்டியபோது, நாட்டில் பதிவுபெற்ற வேலையற்றோர் 60 லட்சம் பேர்.